கேஸ்ட்ருலாய்டுக்கு எது தலை எது வால்னு யார் முடிவு பண்றாங்க?

நெல்லை_விலங்கியல்:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி விலங்கியல் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், அடுத்த மாசம் டெவலப்மென்டல் பயாலஜி பேப்பருக்கு செமினார் எடுக்கணும், தலைப்பு நானே கேட்டு வாங்கினது, ஸ்டெம் செல்லை வச்சு லேப்ல உருவாக்குற கரு மாதிரிகள், கேஸ்ட்ருலாய்டு அதுல ஒண்ணு. ஆசையா படிக்க ஆரம்பிச்சேன், ஆனா ஒரு இடத்துல மேல போக முடியல.

எங்க புக்ல என்ன இருக்குன்னா, எலிக் கருவுல உடம்பா மாறப்போற எபிப்ளாஸ்ட்ங்கற செல் அடுக்கைச் சுத்தி வெளிய ஒரு உறை இருக்கு, அதுல ஒரு பக்கமா ஏவிஇன்னு ஒரு செல் கூட்டம் வந்து நிக்குது, அது லெஃப்டி1, செர்1, டிகேகே1 எல்லாம் விட்டு, செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்பற நோடல் சிக்னலையும் விண்ட் சிக்னலையும் அந்தப் பக்கம் அமுக்கி வைக்குது, அதனால அந்தப் பக்கம் தலை வருது, எதிர்ப்பக்கம் ப்ரிமிட்டிவ் ஸ்ட்ரீக்னு ஒரு கோடு வருது, அங்கதான் கேஸ்ட்ருலேஷன், அதாவது ஒரே அடுக்கா இருக்கற செல்லெல்லாம் மூணு அடுக்கா பிரியற வேலை ஆரம்பிக்குது. இது வரைக்கும் தெளிவு.

ஆனா 2014ல கேம்பிரிட்ஜ்ல அல்ஃபோன்ஸோ மார்ட்டினஸ் ஆரியாஸ் லேப்ல பண்ண கேஸ்ட்ருலாய்டுல அந்த வெளி உறையே கிடையாது. வெறும் எலி ஸ்டெம் செல், ஒரு முந்நூறு செல்லை ஒரு குழிக்குள்ள விட்டு உருண்டையாக்கி, ரெண்டு நாள் கழிச்சு விண்ட் சிக்னலை ஆன் பண்ற கைரான்ங்கற மருந்தை 24 மணி நேரம் ஊத்தி எடுத்துடறாங்க, அவ்வளவுதான், அஞ்சாவது நாள் அது ஒரு பக்கமா நீண்டு நிக்குது, நீண்ட முனையில மட்டும் வால் பக்கத்துக்கு அடையாளமான பிராக்கியூரி ஜீன் ஆன் ஆகியிருக்கு. எல்லா செல்லும் ஒரே மருந்துலதானே ஊறுது, எல்லாமே ஒரே மாதிரி செல்தானே, அப்போ எந்தப் பக்கம் நீளணும்னு அதுக்கு யார் சொல்றாங்க? புக் சொல்றது தப்பா?

இன்னொண்ணு, தலையே இல்லாத இந்த உருண்டையைப் படிச்சு என்ன ஆகப்போகுது, இஸ்ரேல்ல ஹன்னாங்கற விஞ்ஞானி பண்ண மாதிரி இதயம் துடிக்கிற முழு மாடல் இருக்கறப்ப அதையே எடுக்கலாமேன்னு கூடப் படிக்கிற பையன் கேக்கறான். வீட்லயும் "லேப்ல குழந்தை வளக்கறாங்களாமே"ன்னு அம்மா கவலையா கேட்டாங்க, அதுக்கும் நேர்மையா ஒரு பதில் வேணும்.


பாலா_போஸ்ட்டாக்:

தம்பி, ஒரே மருந்துல ஊறினா எல்லா செல்லும் ஒரே மாதிரி நடந்துக்கும்னு நீ எடுத்துக்கிட்ட பாரு, அங்கதான் சிக்கல். அந்த முந்நூறு செல்லும் பேருக்குத்தான் ஒரே வகை. கைரான் ஊத்துறதுக்கு முன்னாடியே ஒண்ணுல நோடல் சிக்னல் கொஞ்சம் கூட இருக்கும், இன்னொண்ணுல குறைவா இருக்கும், பிஎம்பிங்கற இன்னொரு சிக்னலும் அப்படித்தான். கைரான் வந்ததும் எல்லா செல்லும் விண்ட்டை ஆன் பண்ணுது, அது வரைக்கும் நீ சொல்றது சரி, ஆனா மருந்தை எடுத்த பிறகு சில செல் விண்ட்டை ஆன்லயே வச்சுக்குது, சில செல் ஆஃப் பண்ணிடுது, உருண்டை முழுக்க அங்கங்க திட்டுத் திட்டா ஆகிடுது. அதுக்கப்புறம் ஆன்ல இருக்கற செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நகர்ந்து ஒரே முனைக்குப் போய்ச் சேருது, அந்த முனைதான் வால். 2024ல பிரின்ஸ்டன்ல டெட்சர் குழு இதை அழகா காட்டினாங்க, எந்த செல்லு எந்த நேரத்துல எந்த சிக்னலை வாங்குச்சுங்கறதை அந்த செல்லுக்குள்ளயே நிரந்தரமா பதிவு பண்ற மாதிரி ஒரு ஜீன் சர்க்யூட் வச்சு, பின்னாடி திரும்பிப் பாத்து, முன்னாடி இருந்த நோடல், பிஎம்பி வித்தியாசத்துக்கும் பின்னாடி அந்த செல் போய் நிக்கற இடத்துக்கும் தொடர்பு இருக்குன்னு கண்டாங்க. அதாவது எந்தப் பக்கம் வால்னு வெளிய இருந்து யாரும் சொல்லல, சின்ன வித்தியாசத்தைப் பெருசாக்கி, பிரிச்சு, ஒதுக்கற வேலை அந்த செல்லுங்களுக்கே தெரியுது.

அப்போ புக் தப்பான்னா இல்லவே இல்ல. ஏவிஇ என்ன பண்ணுதுங்கறதைப் பத்தி நாம மனசுல போட்டு வச்சிருக்கற படம்தான் மாறணும். நீ திருநெல்வேலிக்காரன், ஆனித் தேர் பாத்திருப்ப, தேரை இழுக்கறது வடம் பிடிக்கற ஆயிரம் பேர், ஆனா தேர் எந்தப் பக்கம் திரும்பணும்ங்கறதை சக்கரத்துக்கு அடியில கட்டை போடறவங்கதான் பாத்துக்கறாங்க, அவங்க தேரை இழுக்கறதே இல்ல, தடுத்துத் தடுத்துத்தான் திருப்பறாங்க. ஏவிஇ விடறது எல்லாமே தடுப்பு புரோட்டீன்தான்னு கவனிச்சியா? வாலை உண்டாக்கற பலம் எபிப்ளாஸ்ட்டுக்குள்ளயே இருக்கு, அது ஒரே ஒரு இடத்துல, சரியான இடத்துல, ஒவ்வொரு தடவையும் தவறாம வரணும்னு பாத்துக்கறதுதான் ஏவிஇ வேலை.

இதுக்கு நிஜக் கருவுலயே சாட்சி இருக்கு. செர்1, லெஃப்டி1 ரெண்டு ஜீனையும் எடுத்துட்ட எலிகளைப் பத்தி 2002லயே பேப்பர் வந்துச்சு, அதுல ப்ரிமிட்டிவ் ஸ்ட்ரீக் இல்லாமப் போகல, ஒண்ணுக்கு மேல வந்துச்சு! தடுப்பு போனதும் ஸ்ட்ரீக் கூடிப்போச்சு. கேஸ்ட்ருலாய்டுலயும் இதே கதைதான், ஆரம்பத்துல செல்லை அதிகமா போட்டுட்டா ஒரு வாலுக்குப் பதிலா ரெண்டு மூணு முளைக்கும், ஜெர்மனில நான் இருந்த லேப்ல இதை மைக்ரோஸ்கோப்ல பாத்துப் பாத்து எனக்குப் பழகிப்போச்சு. முப்பது நாப்பது வருஷமா ஜீனை உடைச்சு உடைச்சுப் படிச்சதோட மறுபக்கம் இது, அங்க ஒரு பாகத்தை எடுத்துட்டு என்ன கெட்டுப்போச்சுன்னு பாத்தாங்க, இங்க கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாம ஆரம்பிச்சு எது தானா வருதுன்னு பாக்கறாங்க.

உன் ஃப்ரெண்டுக்கும் பதில் இதுலயே இருக்கு. தலை இல்லாததுதான் கேஸ்ட்ருலாய்டோட பலம், முழுசா இருக்கற மாடல்ல எந்தக் கட்டளை எங்கருந்து வந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது. ஒரு உதாரணம் மட்டும் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. முதுகெலும்பா மாறப்போற சோமைட்னு கட்டி கட்டியா வருமில்ல, சாதாரண கேஸ்ட்ருலாய்டுல அதுக்கான ஜீன்லாம் சரியான வரிசையில அலை அலையா ஆன் ஆகுது, ஆனா கட்டியா பிரியறதில்ல. 2020ல நெதர்லாந்துல ஹூப்ரெக்ட் குழுவும் பெர்லின்ல மாக்ஸ் பிளாங்க் குழுவும் தனித்தனியா ஒரே விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க, நாலாவது நாள் மீடியத்துல மேட்ரிஜெல்ங்கற புரோட்டீன் ஜெல்லைக் கொஞ்சமா சேத்தா, சில சதவீதம் போதும், அழகா வரிசையா சோமைட் கட்டி கட்டியா நிக்குது. அப்போ ஜீன் ஓடறது வேற, உருவம் வர்றது வேற, ரெண்டுக்கும் நடுவுல செல்லுக்கு வெளிய இருக்கற புரோட்டீன் வலை தேவைன்னு பட்டுன்னு தெரிஞ்சுது. முழுக் கருவுல அந்த வலை எப்பவுமே கூடவே இருக்கும், அதைப் பிரிச்சுக் கேள்வி கேக்கவே வழி இல்ல. 2018ல லௌசான்ல லூட்டால்ஃபும் டூபூலும் சேர்ந்து, உடம்புல நீளவாக்குல எங்க எது வரணும்னு சொல்ற ஹாக்ஸ் ஜீன்கள் கேஸ்ட்ருலாய்டுலயும் வரிசைப்படிதான் ஆன் ஆகுதுன்னு காட்டினதையும் சேத்துப் படி.


இயற்பியல்_முருகேசன்:

பாலா சொன்னதுக்கு மேல ஒண்ணு சேக்கறேன், நான் பயாலஜி ஆள் இல்ல, சாஃப்ட் மேட்டர் பக்கம், ஆனா இந்தக் கேள்வி எங்களுக்கும் சொந்தம்தான். 1952லயே ஆலன் டூரிங் மார்ஃபோஜெனெசிஸ், அதாவது உருவம் எப்படி வருதுங்கறதைப் பத்தி ஒரு பேப்பர் எழுதினார், ஒரே சீரா இருக்கற கலவையில வேற வேற வேகத்துல பரவற ரெண்டு கெமிக்கல் இருந்தா தானாவே கோலம் வரலாம்னு. நிறைய பேர் கேஸ்ட்ருலாய்டு பாத்ததும் "ஆ, டூரிங்"னு சொல்லிடறாங்க, செமினார்ல நீ அப்படிச் சொல்லாத, அவசரம் அது. பாலா சொன்ன மாதிரி செல் நகர்ந்து ஒதுங்கறது டூரிங் கணக்கு இல்ல, அது ஒட்டும் தன்மை சம்பந்தப்பட்டது, 1960கள்ல மால்கம் ஸ்டைன்பெர்க் சொன்னது, வேற வேற அளவு ஒட்டற செல்லைக் கலந்து விட்டா அதுங்களே பிரிஞ்சு உள்ள ஒரு கூட்டம் வெளிய ஒரு கூட்டம்னு நிக்கும்னு. கெமிக்கல் பரவறதும் செல் நகர்றதும் ரெண்டும் கலந்துதான் நிஜத்துல நடக்குது, எது எவ்வளவுன்னு அளக்கறதுதான் இப்ப நடக்கற வேலை.

உருவமே ஒரு தகவல்ங்கறதுக்கு சுத்தமான உதாரணம் வேணும்னா தட்டையான மாடலைப் பாரு. 2014லயே நியூயார்க்ல ராக்கஃபெல்லர்ல வார்ம்ஃப்ளாஷும் பிரிவான்லூவும் கண்ணாடி மேல சின்னச் சின்ன வட்டமா மட்டும் ஒட்டற இடம் பண்ணி, அதுக்குள்ள மனித ஸ்டெம் செல்லை வளர்த்து, பிஎம்பி4 மட்டும் ஊத்தினாங்க. எல்லா செல்லுக்கும் ஒரே மருந்து, உன் கேள்வி மாதிரியேதான், ஆனா வந்தது வட்டம் வட்டமா வளையம், ஓரத்துல நஞ்சுக்கொடி ஆகற ட்ரோஃபோப்ளாஸ்ட் மாதிரி, அதுக்கு உள்ள குடல் பக்கம் போற எண்டோடெர்ம், அப்புறம் தசை எலும்பு ஆகற மீசோடெர்ம், நடுவுல தோல் நரம்பு ஆகற எக்டோடெர்ம். வட்டத்தைச் சின்னதாக்கினா வளையங்கள் சேர்ந்து சுருங்கல, ஓரத்து வளையம் அப்படியே இருக்க நடுவுல இருக்கறதுதான் காணாமப் போச்சு. அப்படின்னா செல் தன் இடத்தை ஓரத்துல இருந்து எவ்வளவு தூரம்னு வச்சுத்தான் தெரிஞ்சுக்குது. ஓரத்துல இருக்கற செல்லுக்கு ரிசெப்டார் மருந்து படற பக்கம் திறந்து இருக்கு, உள்ள இருக்கறதுக்கு அது பக்கவாட்டுல மறைஞ்சிருக்கு, அதோட உள்ள நாக்கின்ங்கற தடுப்பும் சேர்ந்துக்குது. செமினார்ல ஒரே ஒரு பரிசோதனை விளக்க நேரம் இருக்குன்னா இதை எடு, போர்டுல ரெண்டு வட்டம் போட்டாலே எல்லாருக்கும் புரியும்.


கோவை_எம்ப்ரியாலஜிஸ்ட்:

நான் ஐவிஎஃப் லேப்ல வேலை பாக்கறேன், மனிதக் கரு பக்கத்துல இருந்து பேசறேன், பாலா சார் சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு முழு உடன்பாடு இல்ல.

எலிக்கு "கொஞ்சமா இருந்தா அதிகமா கத்துக்கலாம்" சரி, ஏன்னா எலியோட நிஜக் கரு எந்த நாள் வேணும்னாலும் கையில இருக்கு, மாடல் என்ன சொன்னாலும் ஒப்பிட்டு சரிபாக்கலாம். மனுஷங்களுக்கு அது இல்லையே. நாங்க அஞ்சாவது நாள் பிளாஸ்டோசிஸ்ட், அதாவது கர்ப்பப்பையில ஒட்டறதுக்கு முந்தின உருண்டைக் கட்டம் வரைக்கும் கண்ணால பாக்கறோம், தரம் போடறோம், ட்ரான்ஸ்ஃபர் பண்றோம், அதுக்கப்புறம் ரத்தப் பரிசோதனை வர்ற வரைக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஏழாவது நாள் வாக்குல ஒட்டுது, பதினாலு பதினஞ்சாவது நாள் கேஸ்ட்ருலேஷன் ஆரம்பிக்குது, நிறைய கருக்கள் இந்த இடைவெளியிலதான் நின்னு போயிடுது, பல பேருக்கு கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடியே. "ஏன் நிக்கல மேடம்"னு முன்னாடி உக்காந்து கேக்கறவங்களுக்கு எங்களால சொல்ல முடிஞ்ச பதில் ரொம்பக் கம்மி, அந்த வலி எனக்கு தினமும் தெரியும். கேஸ்ட்ருலேஷன் நடக்கற நிலையில மனிதக் கருவோட செல் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பிரிச்சுப் படிச்ச தகவல்னு 2021ல ஆக்ஸ்ஃபோர்ட்ல ஷங்கர் ஸ்ரீனிவாஸ் குழு வெளியிட்டது ஒரே ஒரு கருவுல இருந்து வந்தது, ஆயிரத்து இருநூறு செல்லுக்கு உள்ளதான். அதுதான் பல வருஷமா மாடல் பண்ற எல்லாரும் ஒப்பிடற அளவுகோல். அதனால மனித மாடல்ல முழுமைக்கு நெருக்கமா போறதுக்கும் அர்த்தம் இருக்கு, அதை ஆடம்பரம்னு தள்ளக்கூடாது.

எங்க துறைக்கு நேரா உதவறது ப்ளாஸ்டாய்டு, அதாவது ஸ்டெம் செல்லுல பண்ற பிளாஸ்டோசிஸ்ட் மாடல். 2018ல நிக்கோலா ரிவ்ரான் எலில பண்ணார், 2021ல மனித செல்லுல டெக்சாஸ்ல ஜுன் வூ குழு, ஆஸ்திரேலியாவுல ஹோசே போலோ குழு, வருஷக் கடைசில வியன்னால ரிவ்ரான் குழுன்னு வரிசையா வந்துச்சு. வியன்னா வேலைல ஒண்ணு கவனிங்க, அந்த ப்ளாஸ்டாய்டை கர்ப்பப்பை உட்சுவர் செல் மேல வச்சாங்க, ஹார்மோன் குடுத்துத் தயார் பண்ண செல் மேலதான் ஒட்டுச்சு, தயார் பண்ணாத செல் மேல ஒட்டல, ஒட்டினதும் நிஜக் கருல எந்தப் பக்கம் முதல்ல ஒட்டுமோ அதே பக்கத்தாலதான். இந்த மாதிரி கேள்வியை தானமா வந்த கருவை வச்சு இத்தனை தடவை கேக்கவே முடியாது, கேக்கவும் கூடாது.

அம்மா கேட்டதுக்கு பதில். கேஸ்ட்ருலாய்டுல நஞ்சுக்கொடி ஆகற செல் இல்ல, முன்மூளை இல்ல, அதை எங்க கொண்டு போய் வச்சாலும் குழந்தை ஆகாது, இதை தைரியமா சொல்லலாம். ப்ளாஸ்டாய்டு, ஹன்னா மாதிரி முழு மாடல் வேற கேள்வி, அதுல எல்லா வகை செல்லும் இருக்கு, அதனாலதான் கட்டுப்பாடு வேணும். 2023ல சீனாவுல குரங்கு ப்ளாஸ்டாய்டை எட்டு குரங்குக்கு வச்சாங்க, மூணுல கர்ப்ப ஆரம்ப அறிகுறி வந்து அதுக்கு மேல வளரல, கருவைச் சுத்தி வர்ற பை (ஜெஸ்டேஷனல் சாக்) மட்டும் தெரிஞ்சு நின்னு போச்சு. மனுஷங்கள்ல இதைச் செய்யவே கூடாதுன்னு ஐஎஸ்எஸ்சிஆர்ங்கற சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சி அமைப்போட வழிகாட்டுதல் தெளிவா சொல்லுது, மனித மாடலை எந்த ஜீவனோட கர்ப்பப்பைக்குள்ளயும் வைக்கக்கூடாது, 2025ல திருத்தினப்ப லேப்லயே உயிர் பிழைக்கற கட்டம் வரைக்கும் வளக்கறதுக்கும் தடைன்னு சேத்தாங்க, எல்லா முப்பரிமாண மனித மாடலுக்கும் மேற்பார்வை வேணும்னும் சொல்லிட்டாங்க. நிஜ மனிதக் கருவை லேப்ல வளக்க பதினாலு நாள் எல்லைங்கறது 1984ல இங்கிலாந்துல வார்னாக் குழு சொன்னது, 1990ல அங்க சட்டமாச்சு, நம்ம ஐசிஎம்ஆர் 2017 ஸ்டெம் செல் வழிகாட்டுதலும் பதினாலு நாள் அல்லது ப்ரிமிட்டிவ் ஸ்ட்ரீக் வர்றது, எது முன்னாடியோ அதுவரைக்கும்தான்னு சொல்லுது. அம்மாகிட்ட நீங்க "அப்படி எதுவும் இல்ல"ன்னு மட்டும் சொல்லாம, எது நடக்குது, எதுக்கு வேலி போட்டிருக்காங்கன்னு ரெண்டையும் சொல்லுங்க, அவங்க கேட்டது நியாயமான கேள்வி.


நெல்லை_விலங்கியல்:

மூணு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, தேர் கட்டை விஷயம் படிச்சதும்தான் ஏவிஇ எனக்கு முழுசா புரிஞ்சுது. மேடம், அம்மாகிட்ட நீங்க சொன்னதை அப்படியே படிச்சுக் காட்டினேன், குரங்கு விஷயத்தைக் கேட்டு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "வேலி இருந்தா சரி"ன்னாங்க.

இன்னும் ரெண்டு இருக்கு. ஹன்னா மாடல் எவ்வளவு நம்பகமானது? அப்புறம் தாலிடமைட் மாதிரி ஒரு கொடுமை திரும்ப நடக்காம இருக்க கர்ப்பத்துல சாப்பிடற மருந்தை இந்த மாடல்ல சோதிக்கலாம்னு ஒரு கட்டுரைல படிச்சேன், அதை செமினார்ல பயன்கள்னு போடலாமா?


பாலா_போஸ்ட்டாக்:

மேடம் சொன்னதை ஏத்துக்கறேன், மனித மாடலுக்கு ஒப்பிட நிஜம் கையில இல்லங்கறது உண்மையான வித்தியாசம்.

ஹன்னா விஷயம். 2022 ஆகஸ்ட்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல எலி ஸ்டெம் செல்லை மூணு பங்கா பிரிச்சாங்க, ஒரு பங்கு அப்படியே, ஒண்ணுல சிடிஎக்ஸ்2 ஜீனை ஆன் பண்ணி நஞ்சுக்கொடி பக்கம், இன்னொண்ணுல கேட்டா4 ஆன் பண்ணி மஞ்சட்கருப்பை பக்கம். கலந்து விட்டு, கடைசி சில நாள் சுழல்ற கண்ணாடிப் பாட்டில்ல வச்சு, மொத்தம் எட்டு நாள் வளர்த்தாங்க, எலியோட எட்டரை நாள் கரு மாதிரி வந்துச்சு, துடிக்கிற இதயம், மூளை மடிப்பு, குடல் குழாய் எல்லாம். அதே மாசம் கேம்பிரிட்ஜ்ல மக்டலெனா செர்னிக்கா கோட்ஸ் குழுவும் அதே கட்டத்துக்கு வந்தாங்க, அவங்க கூடுதலா பாக்ஸ்6 ஜீனை எடுத்துட்டு, எலில வர்ற நரம்புக் கோளாறு மாடல்லயும் வருதான்னு பாத்தாங்க, வந்துச்சு. ஆனா ஹன்னா குழு ஆரம்பிச்ச உருண்டை கிட்டத்தட்ட பத்தாயிரம்னா அதுல அரை சதவீதம்தான் கடைசி வரைக்கும் சரியா வந்துச்சு. இதைப் பயன்படுத்தறதுல தயக்கம் இந்த எண்ணாலதான், ஒரு மருந்து குடுத்து பத்து கெட்டுப்போனா மருந்தாலயா தானாவா எப்படிச் சொல்லுவ? கேஸ்ட்ருலாய்டு ஒரு பிளேட்ல 96 குழியிலயும் பெரும்பாலும் நீளும், அதுல கேள்வி கேட்டா பதில் எண்ணிக்கையோட கிடைக்கும்.

தாலிடமைட்டை மட்டும் அப்படிப் போடாத. 1957ல ஜெர்மனில விற்பனைக்கு வந்து 1961ல திரும்ப எடுத்த மருந்து, பத்தாயிரத்துக்கு மேல குழந்தைங்க பாதிக்கப்பட்டாங்க, எலிக்கு அந்த பாதிப்பு வராதுங்கறதால மனித செல்லுல சோதிக்கணும்ங்கற வாதம் சரி. ஆனா அந்த மருந்து முக்கியமா கை கால் வளர்ச்சியைக் கெடுத்துச்சு, கேஸ்ட்ருலாய்டுல கை காலே முளைக்காதே, எதைப் பாப்ப? வலிப்பு மருந்தான வால்ப்ராயிக் ஆசிட், வைட்டமின் ஏ வகையான ரெட்டினாயிக் ஆசிட் மாதிரி முதல் மூணு நாலு வாரத்துல உடம்போட அச்சைக் கெடுக்கற பொருளைப் பத்தி போடு, அதை கேஸ்ட்ருலாய்டுல சோதிச்சிருக்காங்க. மாடல்ல எந்தப் பாகம் இருக்கோ அதைப் பத்தி மட்டும்தான் அது சாட்சி சொல்லும்.

பயன்னு உறுதியா காட்ட இன்னொண்ணு இருக்கு. சோமைட் எலில ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, மனுஷங்கள்ல அஞ்சு மணி நேரத்துக்கு ஒண்ணு வருது, கியோட்டோல ஆலெவ் குழு 2023ல வெளியிட்ட ஆக்ஸியோலாய்டுங்கற மனித மாடல்ல அந்த அஞ்சு மணி நேரக் கடிகாரம் ஓடறதைப் பாத்தாங்க, பிறவி முதுகெலும்புக் கோளாறோட தொடர்புள்ள ஹெஸ்7, மெஸ்ப்2 ஜீன் மாற்றங்களை அதுல வச்சு எங்க தப்பு நடக்குதுன்னும் பாத்தாங்க. முதுகெலும்பு கோணலா பிறந்த குழந்தையோட பெத்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு நினைச்சுப் பாரு.


இயற்பியல்_முருகேசன்:

ஒரு சின்னக் குறிப்பு, யாராவது ஏன் முந்நூறு செல்னு கேப்பாங்க, நிச்சயம் கேப்பாங்க. ரொம்பக் குறைச்சலா போட்டா உருண்டை நீளற அளவுக்கு வராது, ரொம்ப அதிகமா போட்டா ஒரு முனையோட செல்வாக்கு மறுகோடி வரைக்கும் எட்டாது, அங்க இன்னொரு வால் கிளம்பிடும். அந்த சிக்னல் எவ்வளவு தூரம் எட்டும்ங்கறதுதான் இந்த எண்ணை முடிவு பண்ணுதுன்னு ஒரு விளக்கம். ரெண்டு வால் வந்த கேஸ்ட்ருலாய்டு படத்தையும் செர்1, லெஃப்டி1 இல்லாத எலிக் கரு படத்தையும் ஒரே ஸ்லைடுல பக்கத்துல பக்கத்துல போடு, உன் முதல் கேள்விக்கு அந்த ஒரு ஸ்லைடே போதும்.